வியாழக்கிழமைப் பெண்கள்

உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தை வானத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள் அர்மாந்த். அழுத்தாமல், வட்டம் வட்டமாக. கிழங்கின் முகம் கறுத்ததும் கத்தியால் ஒரு சீவல், புது முகம், மறுபடி வட்டம். மடிப்பு ஏணியில் நின்றிருந்ததால் முழங்கால் கடுத்தது. அறுபத்தாறு வயது முழங்கால். இருந்தாலும் நாளைக்குப் படத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஈ எச்சம் படிந்த வானத்தைப் பார்த்துவிடக் கூடாது.

பின்னால் கதவு திறந்தது. செருப்புச் சத்தத்திலேயே மிரேய் என்று தெரிந்தது. எதிர்வீட்டுக்காரி, பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்தவள், கதவைத் தட்டும் வழக்கம் இல்லாதவள்.

“பாருடி, எப்படிப் பளிச்சுனு ஆயிடுச்சு,” என்றாள் அர்மாந்த், திரும்பாமலே.

“பளிச்சுனுதான் இருக்கு. வானத்தைத்தான் காணோம்.”

“என்னடி சொல்ற?”

“கீழ இறங்கி, தள்ளி நின்னு பாரு.”

அர்மாந்த் முதலில் பார்த்தது தன் கையைத்தான். உள்ளங்கை நீலம். ஏணித் தட்டில் இருந்த கிண்ணத்துத் தண்ணீர் நீலம். சீவிப் போட்ட துண்டுகள் எல்லாம் நீலம். கிழங்கு கறுக்கவே இல்லை. அவள் அழுக்கென்று நினைத்துச் சீவித் தள்ளியது வானத்தை.

இறங்கித் தள்ளி நின்று பார்த்தாள். மேல் மூலையில் சலவைத் தொட்டி அகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது. அதன் விளிம்பில் நீலம் கோடு கோடாக வழிந்து தண்டவாளத்தின்மீது இறங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, பசை வண்ணம்,” என்றாள்.

அவளுக்குத் தெரியாத விஷயமா? கடைசி மூன்று வருஷம், இதை வரைந்த எவாரிஸ்துக்கு டர்பன்டைன் வாசம் நெஞ்சை அடைத்தது. எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு முயல்தோல் பசையில் வண்ணப்பொடி குழைத்துப் போட ஆரம்பித்தார். பசையைப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் ஊறவைத்து, கொதிக்க விடாமல் சூடுகாட்டிக் கொடுத்ததே அவள்தான். காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் கரைந்துவிடும், தும்மக்கூட வேண்டாம் என்று அவர் சொல்லிச் சிரித்தது இதே இடத்தில்தான். ஆனால் கைக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் வீட்டைக் கழுவும்போது சமையலறைப் படத்தை உருளைக்கிழங்கால் துடைத்துப் பழகிய கை. அது எண்ணெய்ப் படம், எதையும் தாங்கும். படமென்றால் உருளைக்கிழங்கு என்று கை போய்விட்டது.

“மத்த மூணு படத்தையும்?” என்றாள் மிரேய்.

“மூணையும் காஞ்ச துணியாலதான் தட்டினேன். இதுலதான் ஈ எச்சம் இருந்தது.”

“அப்ப மூணு பத்திரம்.”

“நாலும் சேர்ந்தாத்தான்டி எடுத்துப்பாங்க.”

மிரேய் முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

எவாரிஸ்த் கூத்ரே போன அக்டோபரில் இறந்தார். பாரிஸை ஒட்டிய மலகோஃப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஓவியர். பாரிஸில் சிலருக்குத் தெரியும். வீடு, தோட்டம், இந்தப் பட்டறை, உள்ளே அடுக்கிய படங்கள் எல்லாவற்றையும் அர்மாந்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். நல்ல மனசு. ஆனால் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனசில்லாமல் அல்ல, கொள்கை. “என் வீட்டுல யார் இருக்கணும்னு சொல்றதுக்கு, கல்யாணம் பண்ணி வைக்கற மேயர் யாரு? வயித்துல மூவர்ணப் பட்டை கட்டிக்கிட்டு நின்னாப் போதுமா?” என்பார். அவருக்குச் சர்க்கார் என்று எழுதிய எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் ஆகாது. அர்மாந்தும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ‘நீங்க அவருக்கு என்ன வேணும்?’ என்று கேட்டபோது, ‘சமையல்காரி’ என்று சொல்லிவிட்டாள். பொய்யும் இல்லை.

சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்டது. நோட்டரி பெலுவார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

“மதாம், சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் நீங்க அவருக்கு அந்நியர்.”

“முப்பது வருஷம் அவர் சாக்ஸைத் துவைச்சிருக்கேன், நோட்டரி ஐயா.”

“சாக்ஸுக்குச் சட்டத்துல இடம் இல்ல, மதாம்.”

அந்நியருக்கு வரும் சொத்தில் பாதிக்கும் மேலே வரியாகப் போகும். அர்மாந்திடம் இருந்தது நகராட்சி ஓய்வூதியம் மட்டும். வீட்டை விற்றால்தான் வரி கட்ட முடியும் என்று அவள் மூட்டை கட்டத் தயாரானபோது பெலுவார் இன்னொரு வழி சொன்னார். காசுக்குப் பதிலாக அரசாங்கம் படங்களை வாங்கிக்கொள்ளும். பெரிய ஓவியர்களின் வாரிசுகள் அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல படமாக இருக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். படம் தேசத்துக்கு, வீடு உங்களுக்கு.

அர்மாந்துக்கு இது உடனே பிடித்துப்போனது. எவாரிஸ்த் வாழ்நாள் முழுக்க அப்படித்தானே கணக்குத் தீர்த்தார்? பல் டாக்டரின் வரவேற்பறையில் இன்றும் அவருடைய மீன் தட்டு தொங்குகிறது. கரிக்கடைக்காரர் வீட்டில் இரண்டு நிலக்காட்சி. இப்போது அரசாங்கம் இன்னொரு பல் டாக்டர். இப்படி ஒரு சட்டம் யோசித்த புண்ணியவான் யாரோ என்று அன்று இரண்டு முட்டை அதிகமாகப் போட்டுக் கேக் சுட்டாள்.

கொடுக்கத் தீர்மானித்தது கடைசியாக அவர் வரைந்த நான்கு பெரிய படங்கள். பட்டறை ஜன்னலில் தெரியும் ரயில் பாதை, நான்கு பருவத்தில். ஒரே தொகுதி. நாலும் சேர்ந்தால்தான் மதிப்பு என்று பெலுவார் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அதில் கோடைக்கால வானம்தான் இப்போது கிண்ணத்தில் கிடந்தது.

“பசை இருக்கா?” என்றாள் மிரேய்.

“இருக்கு.”

“நீலப் பொடி?”

“அலமாரியில.”

“அப்புறம் என்ன? காய்ச்சு. குழை. ஒரு வானம்தானே? நானே பூசிடுவேன். போன வருஷம் கழிப்பறைக் கதவுக்கு நான்தான் பூசினேன், யாராவது குறை சொன்னாங்களா?”

அர்மாந்த் எழுந்து அலமாரியைத் திறந்தாள். பொடி டப்பா முன்னாலேயே இருந்தது. தூரிகைகள் ஜாடியில் தலைகீழாக நின்றன. அவர் இறந்த வாரம் அவள் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தவை. ஒன்றை எடுத்தாள். அகலமானது, பிடி தேய்ந்தது. அத்தனை வருஷத்தில் அந்தத் தூரிகையை ஆயிரம் முறை தொட்டிருக்கிறாள், ஆனால் கழுவுவதற்குத்தான். பிடித்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் விரல் வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

ஜாடியில் திரும்பப் போட்டாள்.

“என்னடி?”

“வேணாம். நான் பூசினா அது என் படம். என் படத்த யாரு வாங்குவா?”

“அப்ப என்னதான் செய்யப் போற?”

“சொல்லிடறேன்.”

“பெலுவாருக்கு மாரடைப்பு வரும்.”

“வரட்டும். கோட்டுப் போட்டுக்கிட்டுத்தான் வருவாரு, எடுத்துட்டுப் போகச் சுலபம்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அர்மாந்த் அழுதாள். மிரேய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் செர்ரி மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை மூன்று பேர் வந்தார்கள். பெலுவார்; அருங்காட்சியகத்திலிருந்து மதாம் வெர்தியே, குட்டை முடி, தட்டைச் செருப்பு; வரி இலாகாவிலிருந்து ஒரு நெட்டையான மனிதர், தெற்கத்திப் பேச்சு. அவர்கள் கோட்டைக் கழற்றுவதற்குள் அர்மாந்த் சொல்லிவிட்டாள்.

“கோடைக்காலத்த நான் கெடுத்துட்டேன். நேத்து. துடைக்கப் போயி.”

பெலுவாரின் ஒரு கை கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மதாம் வெர்தியே நேரே பட்டறைக்குப் போனாள். ஏணியில் ஏறினாள். சின்ன விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். இறங்கித் தரையில் மண்டியிட்டு வழிந்த கோடுகளைப் பார்த்தாள்.

“எதால துடைச்சீங்க?”

“உருளைக்கிழங்கு.”

நெட்டை மனிதர் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். “மன்னிக்கணும் மதாம். எங்கம்மா கன்னி மரியா படத்த அப்படித்தான் துடைப்பாங்க. ஈஸ்டருக்கு ஈஸ்டர். அப்புறம் அந்தக் கிழங்க வீணாக்க மாட்டாங்க, சூப்புல போட்டுடுவாங்க.”

“மாதா எப்படி இருக்காங்க?” என்றாள் மதாம் வெர்தியே.

“மூக்கு இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “இது பசை வண்ணம், மதாம். தண்ணி பட்டாப் போயிடும்.”

“தெரியும். பசையக் காய்ச்சினதே நான்தான்.”

“அப்புறம் எப்படி...”

“கைப்பழக்கம். சமையலறைப் படத்தத் துடைச்சுத் துடைச்சு.”

மதாம் வெர்தியே மற்ற மூன்று பருவங்களையும் நிதானமாகப் பார்த்தாள். அழகான படங்கள் என்றாள். ஆனால் தொகுதி உடைந்துவிட்டது. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளக் குழு சம்மதிக்காது. எடுத்தாலும் வரிக்குப் பக்கத்தில்கூட வராது. இதைச் சொல்லும்போது அவள் பெலுவாரைப் பார்க்காமல் அர்மாந்தைப் பார்த்தே சொன்னாள். அர்மாந்துக்கு அது பிடித்திருந்தது. திட்டியிருந்தால்கூடப் பிடித்திருக்கும்.

“காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள். வேறு என்ன சொல்வது?

சமையலறைக்குள் முதலில் நுழைந்தது மதாம் வெர்தியே. நுழைந்தவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த பெலுவார் அவள்மீது மோதிக்கொண்டார்.

அடுப்புக்கு எதிர்ச் சுவரில், ஜன்னலிலிருந்து கதவுவரை அந்தப் படம் இருந்தது. துத்தநாக மேசையைச் சுற்றி ஆறு பெண்கள் உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள். நடுவில் குவியல். ஜன்னலில் ஆவி. ஐந்து பேர் குனிந்த தலை நிமிராமல் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி முழுக்க முதுகைக் காட்டி நிற்கிறாள், ஏப்ரன் முடிச்சு பெரிய பூப்போல. இடது ஓரத்தில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, வரைகிறவனைப் பார்க்கிறாள். அவள் கத்தியிலிருந்து தோல் அறுபடாமல் நீளமாகத் தொங்குகிறது.

“இது?” என்றாள் மதாம் வெர்தியே.

“நாங்கதான். பள்ளிக்கூடச் சமையலறை.”

அந்தக் காலத்தில் வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. பிள்ளைகள் வராத அன்று சமையலறைப் பெண்கள் வந்து சட்டிகளைத் தேய்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய கிழங்கை உரித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். எவாரிஸ்த் அங்கே வந்தது சாப்பாட்டுக்கூடச் சுவரில் பழங்கள் வரைய. நகராட்சி கொடுத்த வேலை; மதியச் சாப்பாடும் கூலியில் சேர்த்தி. பழங்கள் முடிந்தன. சாப்பாட்டை மட்டும் அவர் நிறுத்தவில்லை. தலைமையாசிரியர் முகம் சுளித்தபோது தலைமைச் சமையல்காரி பெர்த் கரண்டியைக் காட்டினாள்: “மிச்சம் பன்னிக்குத்தான போகுது? அந்தப் பன்னிக்கு வரையத் தெரியுமா?” அந்தக் குளிர்காலம் முழுக்கப் பின்கதவு வழியாக வந்து சாப்பிட்டுப் போனார். நன்றிக்கு ஒரு படம். வியாழன் வியாழனாக வந்து வரைந்தார்.

படம் முடிந்ததும் ஒரு சிக்கல். ஆறு பேர், ஒரு படம். பெர்த்தே தீர்ப்புச் சொன்னாள்: “யாரப் பாத்துக்கிட்டே வரைஞ்சானோ அவளே எடுத்துட்டுப் போகட்டும்.” சமையலறையே சிரித்தது. அர்மாந்தின் காது சிவந்தது. கொரேஸ் மலைப்பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வேலைக்கு வந்து, முப்பத்தைந்து வயதுவரை மாடி அறையில் தனியாக இருந்தவள். படத்தைக் கொண்டுபோனால் அறைச் சுவரைவிடப் படம் பெரிசு. எவாரிஸ்த் தொப்பியைத் திருகிக்கொண்டே, என் வீட்டில் ஒரு சுவர் இருக்கிறது என்றார். படம் முதலில் போனது. அவள் அதைத் துடைக்கப் போனாள். பிறகு திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் அர்மாந்த் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துக் காப்பியை ஊற்றினாள். மதாம் வெர்தியேயின் கோப்பை மேசையிலேயே ஆறியது.

“இத யாரும் பாத்ததில்லையா?”

“படம் விக்கற காலரிக்காரர் ஒருத்தர் கேட்டாரு. ‘அது என்னோடது இல்ல, அவள்ட்ட கேளு’ன்னாரு எவாரிஸ்த். யாரும் என்கிட்ட கேக்கல.”

“நானும் கேக்க முடியாது,” என்றாள் மதாம் வெர்தியே. “இது அவரோட சொத்துல சேராது. முப்பது வருஷமா உங்களோடது.”

பெலுவார் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

நெட்டை மனிதர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார்: “பொதுவாச் சொல்றேன், மதாம். பொதுவா. கொடுக்கற படம் செத்தவரோட சொத்துலேருந்துதான் வரணும்னு இல்ல. கொடுக்கறவங்களோடதா இருந்தாலும் சரி.”

“இது மட்டும் போதுமா?” என்றாள் அர்மாந்த்.

மதாம் வெர்தியே போதும் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாசலில் கோட்டு மாட்டும்போது அர்மாந்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவசரப்படாதீங்க. ஏப்ரல் கடைசிவரைக்கும் நேரம் இருக்கு,” என்றாள். விரல் இடுக்கில் இன்னும் போகாத நீலம் அவள் கையிலும் லேசாக ஒட்டிக்கொண்டது.

வீடா, படமா. அடுத்த சில நாட்கள் அர்மாந்த் அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டே லீக் தண்டு நறுக்கினாள், துணி உலர்த்தினாள், செர்ரி மரத்துக்குக் கீழே கூட்டினாள். வீட்டை விட்டால் பட்டறை போகும். பட்டறையில் அடுக்கியிருக்கும் மற்ற படங்கள் எங்கே போகும்? படத்தை விட்டால் காலையில் காப்பி போடும்போது யாரைப் பார்ப்பது?

“வீட்ட வித்துட்டு என்கூட வந்துடு,” என்றாள் மிரேய். “ரெண்டாவது ரூம் காலியாத்தான் கெடக்கு. குறட்டை விடுவேன், அது உனக்குத் தெரியும்.”

“உன் சுவரு பத்தாது.”

“கூரையில மாட்டுவோம். படுத்துக்கிட்டே பாக்கலாம்.”

“நீ என்ன சொல்ற? நிஜமா.”

மிரேய் படத்தின் முன்னால் போய் நின்றாள். “நான் என்னத்தச் சொல்ல? முப்பது வருஷமா இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் என் பின்பக்கத்தப் பாத்துக்கிட்டே சூப்புக் குடிச்சாங்க. இனிமே தேசமே பாக்கும். என் புருஷன் உயிரோட இருந்தா பெருமைப்பட்டிருப்பான்.”

மிரேய் போனபின் அர்மாந்த் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். படம் மனப்பாடம்தானே, போனால் என்ன என்று சோதித்துப் பார்த்தாள். மேசை. குவியல். ஆவி. பெர்த்தின் தொப்பி. ஸ்பெயினிலிருந்து ஓடிவந்த ரெமேதியோஸ், கழுத்தில் கறுப்புத் துணி. க்ளோதில்த், மோதிரத்தைக் கழற்றிக் காதுவளையத்தில் மாட்டியிருப்பாள். ரோசாலி. ரோசாலியின் கத்தி எந்தக் கையில்?

தெரியவில்லை.

எவ்வளவு நினைத்தும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தாள். இடது கை. ஆமாம், ரோசாலி இடதுகைக்காரி. அதற்காகவே பெர்த் அவளை மேசை முனையில் நிறுத்துவாள். ரோசாலி இறந்து பல வருஷம். பெர்த், க்ளோதில்த் அதற்கும் முன்னால். ரெமேதியோஸ் ஊருக்குத் திரும்பிப் போய்க் கடிதமும் நின்றுவிட்டது. ரோசாலி இடதுகைக்காரி என்று தெரிந்தவர்கள் மலகோஃபில் இரண்டே பேர். அதில் ஒருத்தி இப்போதுதான் மறந்தாள். தான் போனபிறகு இந்த வீட்டுக்கு வருகிறவன் படத்தை எடுத்து எங்கே போடுவானோ.

அருங்காட்சியகத்திலென்றால் காவல்காரன் இருப்பான். குளிர்காலத்தில் கணப்பு இருக்கும். யாரும் உருளைக்கிழங்கால் தேய்க்க மாட்டார்கள்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போன் செய்தாள். மதாம் வெர்தியேவே எடுத்தாள்.

“அந்த நாலு பருவத்துக்கும் பதிலா வியாழக்கிழமையக் குடுக்கறேன். எடுத்துப்பீங்களா?”

“எடுத்துப்போம் மதாம். ரொம்ப நன்றி,” என்றாள். பிறகு, “படத்துக்குப் பேரு அதுதானா? வியாழக்கிழமை?”

“அவர் பேரே வெக்கல. நாங்க அப்படிச் சொல்லுவோம்.”

“வேற ஏதாவது சேக்கணுமா?”

“எங்க பேரு போட முடியுமா? ஆறு பேரும்.”

“எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க. எழுதிக்கறேன்.”

மே மாதம் குழு சம்மதம் சொன்னது. ஜூனில் வண்டி வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பையன்கள் படத்தைக் கம்பளியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள். எவாரிஸ்த் முப்பது வருஷத்துக்கு முன் அதைச் சைக்கிள் தள்ளுவண்டியில் கயிறு கட்டிக் கொண்டுவந்தார். அர்மாந்த் தெருமுனைவரை போய் நின்று, வண்டி திரும்பியபின் வீட்டுக்கு வந்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மிரேயும் அவளும் பாரிஸுக்குப் போனார்கள். மெட்ரோவில் இரண்டு பேரும் நல்ல கோட்டு. மதாம் வெர்தியே வாசலிலேயே காத்திருந்தாள். புதிதாக வந்த படங்களுக்கான அறை; வெள்ளைச் சுவர்; மேலிருந்து வெளிச்சம். படம் அங்கே சின்னதாகத் தெரிந்தது. பிறகு நிற்க நிற்கப் பெரிசாயிற்று.

“எதையும் தொடல,” என்றாள் மதாம் வெர்தியே. “சோதனைக்கூடத்துல பாத்தாங்க. அந்தக் காலத்துப் படங்கள்ல இவ்வளவு சுத்தமா ஒண்ணும் இல்லியாம். மேல கொஞ்சம் மாவுச்சத்து இருக்காம். அப்படியே விட்டுடலாம்னு சொல்லிட்டேன்.”

மிரேய் கிட்டே போய் விரலை நீட்டினாள். காவல்காரர் ஓடிவந்தார்.

“மதாம், மதாம், தள்ளி நில்லுங்க. தொடக் கூடாது.”

“என் முதுக நான் தொடக் கூடாதா?”

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “கொஞ்சம் திரும்புங்க,” என்றார். மிரேய் திரும்பினாள். அவர் தொப்பியைக் கழற்றினார். “மன்னிக்கணும் மதாம். அடையாளம் தெரியுது.”

அதற்குள் அர்மாந்த் சுவரிலிருந்த சின்ன அட்டையின் அருகே போய்விட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். எவாரிஸ்த் கூத்ரே. அதற்குக் கீழே: வியாழக்கிழமை. அர்மாந்த், மிரேய், ரோசாலி, பெர்த், க்ளோதில்த், ரெமேதியோஸ். அதற்குக் கீழே, வரிக்கு ஈடாகப் பெற்றது, வருஷம்.

மிரேய் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். “மேயர் ஆபீஸ் வாசல்ல கல்யாண அறிவிப்பு ஒட்டுவாங்களே, அதே மாதிரி இருக்கு. மேல அவன் பேரு, அடியில உன் பேரு. சர்க்கார் முத்திரையோட.”

“அடியில உன் பேருந்தான் இருக்கு.”

“நான் சாட்சி.”

அர்மாந்த் சிரித்தாள். காவல்காரர் திரும்பிப் பார்க்கும்படி, கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எவாரிஸ்த் இருந்திருந்தால் அட்டையைப் பிய்த்துப் போட்டிருப்பார். இல்லை, போட்டிருக்க மாட்டார். முணுமுணுத்துவிட்டு இரண்டாவது முறை படித்திருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவளும் இரண்டாவது முறை படித்தாள். பிறகு மதாம் வெர்தியேவிடம் போய், நன்றி சொல்ல வாயைத் திறந்தவள், கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்துவிட்டாள். மதாம் வெர்தியே அதை எதிர்பார்க்கவில்லை. அவளும் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மழை. பத்து மணிக்குமேல் விட்டது. அர்மாந்த் குப்பைத் தொட்டியை வெளியே வைத்தாள். கரிக்கடைக்காரர் வந்து குளிர்காலத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் போனார். மதியத்துக்கு லீக் சூப்பு வைத்தாள். மிரேய் வந்து சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றாள். சமையலறைச் சுவரில் படம் இருந்த இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. அதில் எதுவும் மாட்டவில்லை. சாயங்காலம் பட்டறையில் விளக்கைப் போட்டு, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த கோடைக்காலத்தை முன்பக்கமாகத் திருப்பி வைத்தாள். காய்ந்த துணியால் சட்டத்தை மட்டும் துடைத்தாள்.